பெட்டிக்காரரும் மூன்று தோல்வி விதியும்

ஆட்டம் முடிந்ததும் விளையாட்டுக்காரர்கள் சாக்ஸைக் கழற்றுகிற அழகை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேலே பிடித்து ஒரே இழுப்பு. உள்பக்கம் வெளியே வந்துவிடும், வெளியே இருந்த சேறும் புல்லும் சின்னக் கல்லும் உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். அப்படியே உருண்டையாகக் கூடையில் வந்து விழும். ஒவ்வொன்றிலும் கையை விட்டுத் திருப்பி உதறிய பிறகுதான் துவைக்கப் போட முடியும். எங்கள் கால்பந்துக் கிளப்பில் பத்தொன்பது வருடமாக என் வேலை அதுதான்.

ஒரு திங்கட்கிழமை, ஒரு சாக்ஸுக்குள் பூட்ஸின் அடியிலிருந்து உடைந்த இரும்புக் குமிழ் ஒன்று கிடந்து என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நான்கு தையல். செயலாளரிடம் காட்டினேன். "பார்த்து வேலை செய்யணும்மா" என்று அறிவுரை சொன்னார். அடுத்த திங்கட்கிழமை கூடையைத் திறந்தால், எல்லா சாக்ஸும் நேராகத் திருப்பி, உதறி, ஜோடி சேர்த்து மடித்து வைத்திருந்தது. கடவுளுக்கு நன்றி சொன்னேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே இருந்தது. கடவுள் வாராவாரம் சாக்ஸ் மடிக்க வருவாரா என்று எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

மூன்றாவது வாரம், ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். உடை மாற்றும் அறையில் புது மேனேஜர் தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் கண்ணாடி, மடியில் துண்டு. முழங்கை வரைக்கும் ஒரு சாக்ஸுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் குடையை எடுக்காமலேயே நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். பிறகு எடுத்தாலும் நான் பார்த்தது தெரிந்துவிடும் என்று அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

எப்போதும் பெட்டியும் கையுமாக ஊர் மாறுகிறவர் என்பதால் அவரைத்தான் எல்லோரும் பெட்டிக்காரர் என்று சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் கோல்கீப்பராக இருந்தவர். அதில் பதினான்கு கிளப், மூன்று நாடு. கோல்கீப்பர் ஆனதே ஆசைப்பட்டு அல்ல. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரத்துக்குத் தாமதமாகப் போனார், மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டிருந்தது, அவ்வளவுதான். முதல் கிளப் அவரை நல்ல உயரம் என்று எடுத்தது. இரண்டாவது கிளப், முதல் கிளப் விட்டுவிட்டதே என்று எடுத்தது. மூன்றாவது கிளப் ஒரு புகைப்படத்தைப் பார்த்து எடுத்தது. கோப்பை வாங்கிய அணியின் புகைப்படம் அது. ஓரத்தில் சிரித்துக்கொண்டு நின்றாரே தவிர, அந்த வருடம் அவர் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. மூன்றாவது கோல்கீப்பர். அதைக் கிளப் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

ஒன்பதாவது கிளப் அவரைப் பத்தாவது கிளப்புக்கு ஒரு புல் வெட்டும் இயந்திரத்துக்கும் இரண்டு வலைக்கும் மாற்றாகக் கொடுத்தது. அவரே சொல்லிச் சிரிப்பார். இயந்திரம் அங்கே ஏழு வருடம் உழைத்ததாம், இவர் பத்தாவது கிளப்பில் ஏழே மாதம். "நான் பந்தை விட்டுட்டேன், அது ஒரு புல்லைக்கூட விடலை" என்பார்.

போன இடத்து மொழியெல்லாம் அவருக்கு அரைகுறையாகத் தெரியும். ஆனால் எந்த மொழியானாலும் மூன்று வார்த்தை சுத்தமாகப் பேசுவார். 'என் பந்து', 'முன்னாடி போ', 'மன்னிச்சுக்கோ'. மூன்றாவதுதான் அதிகம் பயன்பட்டது என்று அவர் மனைவி சொல்லுவார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பெட்டிக்காரரை அண்ணன் என்பேன், உறவு ஒன்றுமில்லை.

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மேனேஜர் ஆனதும் நிலைமை மாறும் என்று அண்ணி நினைத்திருக்கிறார். மாறத்தான் செய்தது. கோல்கீப்பராக இருந்தபோது சராசரியாக ஒரு கிளப்பில் ஒன்றரை வருடமாவது ஓடியது. மேனேஜர் ஆன பிறகு ஏழெட்டு மாதம்தான். ஒரு ஊரில் வந்து இறங்கிய நாலாம் வாரமே திருப்பி ஏற்றிவிட்டார்கள், இறக்கின லாரியே அந்தப் பக்கம் போகிறது என்று. அண்ணி ஒரு அட்டைப் பெட்டியை எந்த வீட்டிலும் பிரிப்பதே இல்லை. அதன் மேல் 'அடுத்த வீட்டில் திறக்கவும்' என்று மகள் ஏழு வயதில் எழுதியது அப்படியே இருந்தது. உள்ளே ஜன்னல் திரைச்சீலைகள். ஒரு வீட்டு ஜன்னலுக்குத் தைத்தது அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் பொருந்துவதில்லை. கடைசியில் மாட்டுவதையே விட்டுவிட்டார்.

மகளுக்குப் பதினாறு வயது. ஒன்பது வருடத்தில் எட்டுப் பள்ளிக்கூடம். எங்கே போனாலும் அவள் பெயர் 'புதுப்பொண்ணு'. எங்கள் ஊருக்கு வந்தபோது அவளுக்குப் பள்ளி இறுதி வருடம். வந்த முதல் நாளே அண்ணி புருஷனிடம் சொல்லிவிட்டார். அதை என்னிடமும் சலவை அறையில் உட்கார்ந்து சொன்னார்.

"இவ பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்னு சொல்லிட்டேன். அவர் ஜெயிக்கட்டும், தோக்கட்டும், தலைகீழா நிக்கட்டும். என் பொண்ணு ஒரு பள்ளிக்கூடத்துல சேர்ந்தா, அதே பள்ளிக்கூடத்துலேருந்து வெளிய வரணும்."

வீடு கிளப் கொடுத்த வீடு. வேலை போனால் இரண்டு நாளில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஆக அந்தப் பெண்ணின் பரீட்சை எங்கள் கிளப் கமிட்டியின் கையில் இருந்தது. எங்கள் கமிட்டியைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார்கள்.

கமிட்டித் தலைவர் மெத்தைத் தொழிற்சாலை வைத்திருப்பவர். அதனால் எங்கள் ஜெர்சியின் முதுகில் 'ஆழ்ந்த உறக்கத்துக்கு' என்று எழுதி, கீழே அவருடைய மெத்தையின் படம் இருக்கும். முந்தைய மேனேஜரை அவர் ஒரு ஆட்டத்தின் இடைவேளையிலேயே நீக்கிவிட முடிவு செய்து கடிதத்தையும் அடித்துவிட்டார். இரண்டாம் பாதியில் எங்கள் அணி மூன்று கோல் போட்டு ஜெயித்துவிட்டது. அடித்த கடிதம் வீணாகக் கூடாது என்று கொடுத்துவிட்டார். அந்த மேனேஜர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் கமிட்டியில் இருந்த வக்கீல் ஒரு விதி எழுதினார். தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் மட்டுமே மேனேஜரை நீக்கலாம். இதில் அவர்களுக்கு ரொம்பப் பெருமை. அந்தத் தாளுக்குக் கண்ணாடியும் மரச்சட்டமும் போட்டுக் கமிட்டி அறையில் மாட்டினார்கள். பக்கத்தில் கிளப் வாங்கிய ஒரே கோப்பை, நல்லொழுக்கத்துக்கானது.

வேலையில் சேர்ந்த அன்று அண்ணன் அந்தத் தாளுக்கு முன்னால் நின்று கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தார். பிறகு செயலாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டிரா ஆனா?"

"டிரா ஆனா அது தோல்வி இல்லையே சார்."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த வருடம் எங்கள் அணி எப்படி விளையாடியது என்று நான் மைதானத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ஜெர்சியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முன்பெல்லாம் கோல் போடப் போகிறவனின் ஜெர்சியில் நெஞ்சுப் பக்கம் புல் கறை இருக்கும். எதிராளியின் கோல் முன்னால் குப்புற விழுந்த கறை அது. அண்ணன் வந்த பிறகு பதினோரு பேருக்கும் ஒரே இடத்துக் கறை. எங்கள் கோலுக்கு முன்னால் இருக்கும், புல் முளைக்காத செம்மண். மற்ற பத்துப் பேரையும் அவர் கோல்கீப்பர் ஆக்கிவிட்டார், கையால் பிடிக்க மட்டும்தான் அனுமதி இல்லை.

முதல் ஆட்டம் பூஜ்யம் பூஜ்யம். இரண்டாவதும் அதே. ஆறாவது ஆட்டம் முடிந்தபோது பத்திரிகைக்காரர் ஒருவர், உங்கள் திட்டம் என்ன என்று கேட்டாராம். பந்து உள்ளே போகக் கூடாது, அதுதான் திட்டம் என்றாராம் அண்ணன். எந்தப் பக்கத்து வலைக்குள் என்று கேட்டதற்கு, எந்தப் பக்கமும் ஆபத்துதான் என்றாராம்.

பார்க்க வருகிறவர்கள் தலையணை கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஜெர்சி விளம்பரம் சொன்னதைச் செய்கிறது என்று ஊரே சிரித்தது. தலைவருக்கு முதலில் கோபம்தான். மெத்தை விற்பனை கொஞ்சம் கூடியதாக மேலாளர் சொன்னதும் அமைதியாகிவிட்டார்.

கஷ்டப்பட்டது சிட்டு ஒருவன்தான். அணியில் வேகமாக ஓடக்கூடியவன், அதனால் அந்தப் பெயர். கல்யாணமாகி ஒரு குழந்தைக்கு அப்பா. கோல் போட்டால் குழந்தை போலக் கட்டைவிரலை வாயில் வைத்துக் காட்டுவேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தானாம். குழந்தையே விரல் சப்புவதை நிறுத்திவிட்டது, அவன் இன்னும் கோல் போடவில்லை.

நானும் அந்த வருடம் பிரார்த்தனையில் இதுவரை கேட்காததைக் கேட்டேன். யாரும் கோல் போடக் கூடாது கடவுளே என்று. ஜெயிக்க வைக்கச் சொல்லிக் கேட்டால் எதிர்ப்பக்கத்தில் யாராவது அழுவார்கள். இதில் யாருக்கும் நஷ்டமில்லையே என்று என் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்படிப் பதினைந்து டிரா. பிறகு விடாமல் மழை பிடித்தது. சேற்றில் வழுக்கி ஒரு ஆட்டம் தோற்றோம். அடுத்ததும் தோற்றோம். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. அண்ணி அட்டைப் பெட்டிகளை மாடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து காய் நறுக்கினார். மகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. நகக்கண்ணெல்லாம் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு எங்கள் ஊருக்கு வந்த அணியின் மேனேஜரை 'மதில்' என்பார்கள். இரண்டு கிளப்பில் அண்ணனுக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடியவர். பழைய சிநேகிதர். ஆட்டத்துக்கு முன் என் சலவை அறையில் உட்கார்ந்து இருவரும் தேநீர் குடித்தார்கள். மதிலும் இரண்டு ஆட்டம் வரிசையாகத் தோற்றுவிட்டு வந்திருந்தார். அவர் கிளப்பிலும் ஒரு தாள் இருந்தது. அவருக்கும் பள்ளிக்கூடம் போகிற பையன் இருந்தான். நான் இஸ்திரி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். தப்பான வார்த்தை ஒன்றுகூட அவர்கள் பேசவில்லை.

"மைதானம் ரொம்ப ஈரமா இருக்குடா" என்றார் மதில்.

"ஆமாடா. வேகமா ஓடினா பசங்களுக்கு அடிபடும்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"எனக்கு மட்டும் என்ன அவசரம்?"

அவ்வளவுதான். எழுந்து போனார்கள்.

எண்பத்தொன்பது நிமிடம் பந்து மைதானத்தின் நடுவிலேயே குடியிருந்தது. எந்தக் கோல்கீப்பரின் கையுறையிலும் ஈரம் படவில்லை. நடுவருக்கே கொட்டாவி வந்தது. கடைசி நிமிடத்தில் எங்கள் கோலுக்கு முன்னாலிருந்து சிட்டு பந்தை எங்கேயாவது போய்த் தொலையட்டும் என்று உதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு, வந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து உதைத்தேன் என்று பிறகு சொன்னான். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அந்தப் பக்கத்துக் கோல்கீப்பர் குனிந்து தண்ணீர் பாட்டிலின் மூடியை மூடிக்கொண்டிருந்தார். பந்து அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முறை குதித்து உள்ளே போய்விட்டது.

 நடந்தது கோல் என்று புரிந்துகொள்ளும் பழக்கமே எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது. பிறகு சிட்டு ஓடினான். எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் வட்டமாக ஓடினான். கட்டைவிரலுக்குப் பதில் ஆட்காட்டி விரலை வாயில் வைத்துக்கொண்டான். தலைவர் விழித்துக்கொண்டு, யார் போட்டார்கள், நாமா, நாமா என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார்.

அண்ணன் மட்டும் எழவில்லை. அப்புறம் மெதுவாக நடந்து எதிர்ப்பக்க பெஞ்சுக்குப் போனார். மதில் கைகொடுத்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றே அவரை நீக்கிவிட்டார்கள். யாருக்கும் நஷ்டமில்லாததைத்தானே கேட்டேன் என்று அன்று கடவுளிடம் சண்டை போட்டேன்.

ஜெயித்ததால் அண்ணனுக்கு ஆபத்து நீங்கியது என்றுதானே நினைப்பீர்கள்? அண்ணியும் அப்படித்தான் நினைத்துப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றினார். ஆனால் ஒரு வெற்றியைப் பார்த்ததும் கமிட்டிக்கு நாக்கு நீண்டுவிட்டது. இப்படி ஜெயிக்கத் தெரிந்தவர் ஏன் இத்தனை நாள் ஏமாற்றினார் என்று தலைவர் கேட்டார். கமிட்டி கூடியது. தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயிக்காவிட்டால் நீக்கலாம் என்று விதியை மாற்றினார்கள்.

அண்ணன் கமிட்டி அறைக்குப் போய், எப்படி மாற்றலாம் என்று கேட்டார். வக்கீல் சுவரிலிருந்து தாளை இறக்கி, மரச்சட்டத்தின் ஆணியைக் கழற்றி, தாளை வெளியே எடுத்துக் காட்டினார். கீழே இன்னொரு வரி இருந்தது. 'கமிட்டி இந்த விதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.' சட்டம் போட்ட தச்சர் அளவெடுக்காமல் கடைசி வரியை மரத்துக்குள் விட்டுவிட்டிருந்தார். அண்ணன் தாளைத்தான் மூன்று முறை படித்தார். மரத்தைப் படிக்கவில்லை.

அன்று என் அறைக்கு வந்து வெறும் கூடையின் மேல் உட்கார்ந்தார்.

"எத்தனை பந்து பாத்திருக்கேன் தங்கச்சி. இது கால் இடுக்குல போயிடுச்சு" என்றார்.

மிச்சம் இருந்த மூன்று ஆட்டத்தில் ஒன்றையாவது ஜெயித்தாக வேண்டும். அண்ணன் முன்னால் போங்கள் என்றார். அணிக்கு முன்பக்கம் எந்தப் பக்கம் என்றே மறந்துபோயிருந்தது. முதல் ஆட்டம் பூஜ்யம் பூஜ்யம். இரண்டாவதும் பூஜ்யம் பூஜ்யம். மூன்றாவது ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மகளுக்கு முதல் பரீட்சை. அன்று சிட்டு இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் போட்டான். இந்த முறை கட்டைவிரலைச் சரியாக வைத்துக்கொண்டான்.

எண்பத்தைந்து நிமிடம் வரைக்கும் ஜெயித்துக்கொண்டிருந்தோம். இன்னும் ஐந்தே நிமிடம். அப்போதுதான் அண்ணன் எழுந்து நின்று இரண்டு கையையும் வாயில் குவித்து, "எல்லாரும் பின்னாடி வாங்கடா" என்று கத்தினார். பழக்க தோஷம். பதினோரு பேரும் எங்கள் கோலுக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். பேருந்தில் நிற்பதுபோல் நின்ற அந்தக் கூட்டத்தில் பந்து சிட்டுவின் முழங்காலில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போனது. ஒன்றுக்கு ஒன்று.

மாலையே தலைவர் பாராட்டு விழா நடத்தினார். ஒழுக்கமான மனிதர், உலகம் சுற்றியவர் என்று அரைமணி நேரம் புகழ்ந்துவிட்டு நீக்கக் கடிதத்தைக் கொடுத்தார். கூடவே நினைவுப் பரிசாக இருவர் படுக்கும் மெத்தை ஒன்று. வீடு இல்லாத மனிதர் அதை எங்கே போடுவார் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போனபோது இரண்டு பேர் கை தட்டினார்கள்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் தேவை. வீட்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அண்ணி பேசவில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பேசாமல் பாத்திரம் கழுவுகிறாள் என்றார் அண்ணன். செயலாளரிடம் போய் இன்னும் பத்து நாள் கேட்டார். விதிப்படி முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

சலவை அறைக்குப் பின்னால் ஜெர்சி காயப்போடும் அறை ஒன்று உண்டு. ஆட்டங்கள் முடிந்துவிட்டதால் காலியாகத்தான் கிடந்தது. சாவி என்னிடம். நான் அண்ணியிடம் போய், "அண்ணி, அங்க இடம் இருக்கு. ஒரு ஜன்னலும் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.  அண்ணி அந்த அட்டைப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தார். செயலாளரிடம் சொல்லி வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவர் அந்தக் கிளப்பில் சொன்ன ஒரே உண்மையான வார்த்தை அதுதான்.

தலைவரின் மெத்தையை அங்கே விரித்தோம். நிஜமாகவே நல்ல மெத்தை. அண்ணி அட்டைப் பெட்டியைப் பிரித்து ஒரு திரைச்சீலையை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். ஒரு சாண் நீளம் அதிகம். அப்படியே மாட்டினார். துவைத்த ஜெர்சிகளைக் கயிற்றில் வரிசையாக மாட்டி மறைப்பு கட்டி, மகளுக்கு ஒரு மூலை அமைத்துக் கொடுத்தோம். 'ஆழ்ந்த உறக்கத்துக்கு' என்று பதினொரு தடவை எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் விழித்திருந்து படித்தாள். அண்ணன் காலையில் அவளைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, பரீட்சை முடியும்வரை எதிர்ப்பக்கத்து மரத்தடியில் கால்களை அகட்டி, கைகளைத் தொடையில் வைத்துக் குனிந்து நிற்பார். பெனால்டிக்கு நிற்கிறமாதிரி.

கடைசிப் பரீட்சை அன்று அவள் சட்டை முழுக்க மையோடு வந்தாள். கூடப் படித்தவர்கள் முதுகிலும் கையிலும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அண்ணி கறையைப் பார்த்து, துவைக்க என்னிடம் கொடுக்கப் போனார். அவள் விடவில்லை.

"எப்பவும் நான் மட்டுந்தாம்மா கிளம்பிப் போவேன்" என்றாள். "இன்னைக்கு எல்லாரும் சேர்ந்து கிளம்பினோம்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று ராத்திரிதான் பன்னிரண்டு நாளுக்கு அப்புறம் புருஷனிடம் பேசினார். சாப்பிட வாங்க என்றாராம்.

கமிட்டி புது மேனேஜரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. வேறு யார்? மதில்தான். நாம் ஜெயித்த அந்த ஆட்டத்தை நன்றாக நடத்தியவர் என்று தலைவருக்கு நினைவு. எந்தப் பக்கத்து மேனேஜர் என்பதை அவர் கவனிக்கவில்லை. மதில் மனைவியோடும் பையனோடும் அதே வீட்டில் வந்து இறங்கினார். அவருக்கு வேலை கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அண்ணன் போய்ப் பெட்டி இறக்கக் கைகொடுத்தார். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள்.

மறுநாள் காலை அவர்களைப் பேருந்து நிலையத்தில் வழியனுப்பப் போனேன். இருபதாவது கிளப்போ இருபத்தொன்றாவதோ, எங்கோ தொலைவில் ஒரு ஊர். மெத்தையைக் கூரை மேல் கட்டியிருந்தார்கள். அட்டைப் பெட்டி இல்லை. திரைச்சீலை என் அறையிலேயே இருக்கட்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் அவர்களைப் பார்க்கவில்லை. கடிதம் ஒன்று வந்தது, மகள் நல்ல மதிப்பெண் வாங்கினாள் என்று.

பேருந்து கிளம்புகிற நேரத்தில், மதிலிடம் அணியைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று நான் அண்ணனைக் கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே குனிந்து சொன்னார்:

"டீமைப் பத்தி நான் என்னத்தைச் சொல்றது? ரெண்டே விஷயம் சொன்னேன். அந்தத் தாளைச் சட்டத்திலேருந்து கழட்டிப் படிடான்னேன். அப்புறம், ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் போகட்டும், நீ உக்காந்து சாக்ஸைத் திருப்பிப் போட்டுடு, பசங்ககிட்ட சொன்னா கேக்க மாட்டாங்கன்னேன். சரின்னு தலையாட்டியிருக்கான் தங்கச்சி. ஆமா, உன் குடையை உடை மாத்துற ரூம் கதவுக்குப் பின்னாடியே மாட்டி வெச்சிருக்கேன், எடுத்துக்கோ."